பத்துக் கதிரைக் கோட்டை

அத்தியாயம் பதினொன்று

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நாம் எல்லோரும் மாத்தளை கொங்காவெலையில், ஸக்கரியா ஹாஜியார் வீட்டு மாடியில் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டோம். மறந்திருக்க மாட்டீர்கள். ஹாஜியாரின் மகள் மஸீனா இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்த ‘கராம்புக் கோட்டை’ என்ற இன்டர்நெட் விளையாட்டு அன்றைக்குத்தான் வெளிவந்தது. எந்த ஊரில் இருந்தும் கணினியில் சேர்ந்து ஆடலாம். அணிக்குக் குறைந்தது ஐந்து பேர். கராம்பு மரங்களுக்கு நடுவே ஒரு கோட்டை. கவணும் கொச்சிக்காய் என்கிற மிளகாய்த்தூள் பொட்டலமும்தான் ஆயுதம். துவக்கே வேண்டாம் என்று மஸீனாவின் நானா, சின்ன அண்ணன் புஹாரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். யுத்தம் நடக்கும் இந்த 2008-ஆம் வருடத்தில் ஒரு கடைக்குள் இருந்து வெடிச்சத்தம் வந்தால் ரோட்டில் போகிறவர்கள் குப்புற விழுவார்கள், சந்தியில் நிற்கும் ஆமிக்காரர்கள் ஓடி வருவார்கள்.

அந்த வட்டிலப்பம் செரிப்பதற்குள் விளையாட்டு படுத்துவிட்டது.

சென்ற வாரம் மஸீனா தலையணையில் முகம் புதைத்து அழுததோடு நிறுத்தியிருந்தேன். அதற்குத் திட்டி எனக்கு நிறையக் கடிதங்கள். “அந்தப் பிள்ளையை இன்னும் எத்தனை வாரம் அழவைப்பதாக உத்தேசம்?” என்று ஒரு வாசகி சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். இந்த வாரம் அழவைக்கவில்லை, வாருங்கள்.

காலை எட்டரை மணி. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

ஹாஜியார் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு கடைகள். ஒன்று அவருடைய கராம்பு, மிளகு ஸ்டோர். சுவருக்கு அந்தப் பக்கம் புஹாரியின் நெட் கடை. பத்துக் கணினி, பத்துக் கதிரை. அதில் மூன்றாவது கதிரையில் உட்கார்ந்து மஸீனா ஒரு ஈமெயிலை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கொழும்புக் கம்பனி எழுதியிருந்தது. விளையாட்டின் சேர்வர் அவர்களுடைய கட்டடத்தில்தான் ஓடுகிறது. ஆடுகிறவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் ஒருவரை ஒருவர் சந்திக்க முடியும். அதை இன்று மாலை ஆறு மணிக்கு நிறுத்துகிறார்களாம். தங்கள் ஆள் மாணிக்கவாசகம் தம்புள்ளைக்குப் போகும் வழியில் மூன்று மணிக்கு வந்து அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்வாராம். மூன்று வாரத்தில் நடந்த ஆட்டங்கள் பதினான்கு என்று அடியில் ஒரு வரி. அந்த வரிதான் அவளைச் சுட்டது.

“பதினாலு” என்றாள் மஸீனா. “நம்ம கடையில கொழும்புச் சேர்வர் இல்லாமலே ஒரு பின்னேரத்துல பதினாலு ஆட்டம் நடக்கும்.”

“டவுன்லோட் பண்ணவே முக்கா மணித்தியாலம் போகுது தங்கச்சி” என்றான் புஹாரி. “எவனுக்குப் பொறுமை ஈக்கு?”

ரத்தோட்டைத் தோட்டத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த கமலாட்சி பக்கத்தில் நின்றாள். கோட்டையையும் மரங்களையும் வரைந்தவள் அவள்தான். மஸீனாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிப் பையைச் சோதித்திருக்கிறார்கள். அந்த எரிச்சல் முகத்தில் இன்னும் இருந்தது.

“என் படந்தான் சரியில்லையோ என்னமோடி” என்றாள் கடைசியில். “வெளிநாட்டு கேம்ல எல்லாம் எப்படி மினுக்கி வச்சிருக்காங்க. நம்மளது தோட்டத்து லயத்து வீட்டுச் செவுத்துல வரைஞ்ச மாதிரி இருக்கோ?”

“வாயக் கழுவு” என்றாள் மஸீனா.

ஸ்டோர்ச் சாவியோடு படி இறங்கி வந்த ஹாஜியார் இந்த இடத்தில் கருத்துச் சொல்லாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். “சும்மா ஈந்த பிள்ளைகளக் கூப்பிட்டு கண்ணுல கொச்சிக்காத் தூள் வீசச் சொன்னா, அதுல ஒரு நல்லது, ஒரு பரக்கத் வருமா?” என்று சுவரிடம் கேட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி ஸ்டோருக்குள் நுழைந்தார்.

மஸீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நானா, எட்டு மாசம் இங்க ஆடிப் பாத்தோம். கூரை பறந்திச்சு. பொழுதுபட்டு மஃரிபுக்குக் கலைச்சு விடுறதே பெரும் பாடு. அதே கேம் வெளிய போன ஒடனே ஏன் செத்திச்சு? அது தெரியாம நான் கையெழுத்து வெக்க மாட்டேன்.”

“வெக்காட்டியும் ஆறு மணிக்கு நிப்பாட்டுவாங்க.”

“நிப்பாட்டட்டும். ஏன்னு தெரியணும்.”

பிடிவாதம் இந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. கோட்டைப் படத்தை மேசையில் விரித்த கமலாட்சி கோட்டைக்குப் பின்னால் ஒரு கீற்றைத் தொட்டுக் காட்டினாள். “இந்தக் கானை எதுக்கு வரையச் சொன்னேன்னு நீ இன்னும் சொல்லவே இல்ல. மதிலுக்குக் கீழ ஓடுது. ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல.”

மஸீனா ஸ்டோர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “சும்மாதான்” என்றாள்.

சும்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஹாஜியாரின் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக்கதவு இருக்கிறது. அதன் அடியால் மழைத்தண்ணீர் ஓடும் கான். சிறுவயதில் மஸீனாவும் புஹாரியும் அவர்களுடைய பெரிய நானா பலீலும் வாப்பாவுக்குத் தெரியாமல் அந்தக் கான் வழியாகத்தான் ஊர்ந்து வெளியே போவார்கள். முதல் நாலு கணினியை வாங்கி வந்து இந்தக் கடையைத் தொடங்கியவனும் பலீல்தான். “ஒனக்கு இந்தப் பெட்டிகளா, வாப்பாவா?” என்று வாப்பா கேட்டார். அவன் பதில் சொல்லாமல் கத்தாருக்கு விமானம் ஏறினான். நாலு வருடமாகிறது. கடிதம் இல்லை, டெலிபோன் இல்லை. அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. உம்மா ஜுனைதா மட்டும் தொழுத பாயில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிக்கொள்வார்.

பன்னிரண்டேகாலுக்குப் பாங்கு சொன்னது. புஹாரி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வாப்பாவோடு ஜும்ஆவுக்குப் போனான். கமலாட்சி மாடியில் உம்மாவோடு சாப்பிட உட்கார்ந்தாள். பசி இல்லை என்று சொல்லி மஸீனா மட்டும் கடைக்குள் இருந்தாள். ஷட்டருக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

குடையோடு ஒரு தாதி வந்தாள். பூட்டிய ஷட்டரைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், போய்விட்டாள்.

கொஞ்சம் கழித்துக் கச்சேரி என்ற அரசாங்கக் காரியாலயத்தில் வேலை செய்யும் ஒருவர் கையில் பைலோடு வந்தார். படியில் யாரும் இல்லாததைப் பார்த்ததும் ஏறாமலே திரும்பினார்.

பிறகு டியூஷன் கொப்பிகளோடு இரண்டு பெண்பிள்ளைகள். “பூட்டிக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். பிறகு ஒரு சிங்கள ஆசிரியர். அவர் மட்டும் இரண்டு நிமிடம் நின்றார். நின்று, தலையைச் சொறிந்து, போனார். அவர் சந்தியில் திரும்பிய பின் இன்னும் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவருக்குப் பின் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மருந்துக் கம்பனிக்காரர்.

ஒன்றேகாலுக்குப் புஹாரி வந்து ஷட்டரைத் தூக்கினான். இடமும் வலமும் பார்த்தான்.

“இன்னைக்கு ஒரு குருவி கூட வரல்ல” என்றான்.

“ஏழு பேர் வந்தாங்க நானா” என்றாள் மஸீனா. “நான் பாத்துட்டே...”

சொல்ல வந்ததைப் பாதியில் விட்டாள். எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“நானா! கதவு! கோட்டைக் கதவு!”

“கோட்டைக் கதவுக்கு என்ன?”

“அது எப்ப திறக்கும்?”

“பத்துப் பேர் சேந்தா திறக்கும். நீதானே செஞ்ச?”

“பத்துப் பேர் சேராட்டி?”

“சேராட்டி...” புஹாரியும் நிறுத்தினான்.

இப்போது மஸீனாவின் விரல்கள் கணினியில் ஓடிக்கொண்டிருந்தன. கொழும்புக் கம்பனி எண்ணியது ஆடி முடித்த ஆட்டங்களை மட்டும்தான். ஆனால் கதவுக்கு வெளியே யார் வந்தார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று சேர்வர் தன் பாட்டில் எழுதி வைத்துக்கொண்டே இருந்தது. ஆட்டமே நடக்காத போது அதை ஏன் திறந்து பார்ப்பது என்று அவள் இத்தனை நாளும் அதைத் தொடவில்லை.

திரையில் வரிகள் இறங்கின. கமலாட்சி சோற்றுக் கையோடு படியில் ஓடி வந்தாள்.

“என்னடி சத்தம்?”

“கமலா, நம்ம கேமுக்கு எத்தின பேர் வந்தீக்காங்க தெரியுமா? ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு பேர்!”

கமலாட்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“காலையில ஒரு ஆள். பத்து மணிக்கு ரெண்டு ஆள். அவங்க போன பொறகு ஒரு ஆள். எல்லாரும் கதவுக்கு முன்னால நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போயிக்காங்க. தான் மட்டுந்தான் வந்தேன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிக்கான். ஆள் ஈக்கு. ஒரே நேரத்துலதான் இல்ல!”

“ஆனா ஏன்டி பத்துப் பேர் வந்தாத்தான் திறக்கணும்னு வச்சே? நாலு பேர் வந்தா திறக்கக் கூடாதா?” என்று கேட்டாள் கமலாட்சி.

மஸீனா கடையைச் சுற்றிக் கையை நீட்டினாள். “எண்ணிப் பாரு. பத்துக் கதிரை.”

ஒரு கணம் மூவரும் அந்தப் பத்துக் கதிரைகளையே பார்த்தார்கள். பிறகு புஹாரிதான் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு கமலாட்சிக்குத் தொற்றி, மஸீனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை போனது. மூன்று வாரத்தில் அந்த மூவரும் சிரித்த முதல் சிரிப்பு அது.

இந்தக் கடையின் வழக்கம் மாத்தளைக்கே தெரியும். பின்னேர அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் விளையாட்டுக்குக் கணினி கொடுப்பான் புஹாரி. மஃரிபுப் பாங்கு கேட்டதும் மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவான். கெஞ்சினாலும் கேட்க மாட்டான். அதனால் எல்லோரும் ஒன்றாக வந்து, ஒன்றாகக் கத்தி, ஒன்றாகவே எழுந்து போவார்கள். எட்டு மாதமும் கோட்டைக் கதவு உடனே உடனே திறந்ததற்கு அதுதான் காரணம். அஸருக்கு வா என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை, தெரிந்ததைச் சொல்வானேன்? அதை மஸீனாவும் சொல்லவில்லை. பிபிலைக்காரனுக்கும் நீர்கொழும்புக்காரனுக்கும் அது தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“கதவை மாத்து” என்றான் புஹாரி.

“மாத்தினா எல்லாரும் திரும்ப டவுன்லோட் பண்ணணும். இன்னைக்கு ஏலாது. ஆனா நேரத்தச் சொல்லலாம். கதவுக்கு மேல ஒரு அறிவித்தல் பலகை ஈக்கு, அது சேர்வர்ல இருந்து மாத்துறது. பேர் பதிஞ்ச எல்லாருட ஈமெயிலும் ஈக்கு.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று முப்பத்தைந்து. “நாலு மணி. எல்லாரையும் நாலு மணிக்கு வரச் சொல்லுவோம்.”

அதற்குள் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. நானூற்றுப் பதினேழாம் இலக்க ஆள். பத்தொன்பது தடவை வந்திருக்கிறான். மற்றவர்களைப் போல் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. பூட்டிய கோட்டைக்கு உள்ளே, தனியாக, மணிக்கணக்காக இருந்திருக்கிறான். ‘எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டாள். அவளுக்கு அப்போது அதற்கு நேரம் இல்லை. நீங்கள் மட்டும் அந்த இலக்கத்தை நினைவில் வைத்திருங்கள்.

பிறகு நடந்தது ஒரு கலியாண வீட்டு அமளி.

மஸீனா சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் எழுதினாள். ‘இன்று மாலை நான்கு மணிக்குக் கோட்டைக் கதவு திறக்கும். நீங்கள் தனியாக வரவில்லை. ஆயிரம் பேர் வெளியே நிற்கிறீர்கள்.’ கமலாட்சி ஈமெயில்களை ஐம்பது ஐம்பதாக அனுப்பினாள். புஹாரி நெட் கடைக்காரர்களின் இலக்கங்களைத் தேடி எடுத்தான். கண்டி, கலேவெல, கெக்கிராவ. வஹகோட்டைக் கோயில் மண்டபத்தில் இளைஞர் சங்கத்துக்கு ஆறு கணினி இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் டெலிபோன் லைனை இன்டர்நெட் பிடித்திருந்தது. கைத்தொலைபேசியில் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது.

வாசலில் ஹாஜியாரின் நிழல் விழுந்தது.

“ஸ்டோர் டெலிபோன் சும்மாதான் ஈக்கு” என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

புஹாரி ஓடினான். நாலாவது இலக்கத்துக்குப் பிறகு ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது. ரிசீவரைப் பிடுங்கி டயலைத் தானே சுழற்றினார். கலேவெலையில் மிளகு எடுக்கும் ஜமால்தீன் அகப்பட்டார்.

“ஜமால்தீன், ஒன்ட மகன் அந்தப் பெட்டியில வெளையாடுறவனா? நாலு மணிக்குக் கோட்டைக்கு வரச் சொல்லு. என்ன கோட்டையா? அவனுக்குத் தெரியும். கூட்டாளிமாரையும் கூட்டிட்டு வரச் சொல்லு. ஏனா? என்ட மகள் கதவு திறக்கிறாள், அதுதான் ஏன்!”

சுவருக்கு இந்தப் பக்கம் மஸீனாவின் விரல்கள் ஒரு வினாடி நின்றன. பரக்கத் இல்லாத விளையாட்டு இப்போது ‘என்ட மகளுடைய கதவு’ ஆகியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வரியை அடித்தாள்.

மூன்று பத்துக்கு மாணிக்கவாசகம் வந்தார். ஐம்பது வயது, களைத்த முகம், மடித்த கைக்குட்டை. கண்டியில் இருந்து வரும் வழியில் வானை மூன்று தடவை நிறுத்திச் சோதித்தார்களாம். இருட்டுவதற்கு முன் தம்புள்ளை போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் கவலை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. விளையாட்டு நல்லா இருக்கு. ஆனா சனம் வரேல்ல.”

“சனம் வந்திச்சு சேர். இந்தாங்க” என்று மஸீனா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தார்.

“இது எங்கட ரிப்போட்டில இல்லையே.”

“நீங்க ஆட்டத்த எண்ணினீங்க. நான் கதவுல நின்டவங்கள எண்ணுறேன். நாலரை மணி வரைக்கும் இருங்க. அது போதும்.”

அவர் காகிதத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நூறு பேர். ஒரே நேரத்தில நூறு பேர் நின்டா நானே கொழும்புக்குப் பேசுறன். இல்லாட்டி நாலரைக்குக் கையெழுத்து.”

“சரி” என்றாள் மஸீனா.  

நாலு மணி. கடை நிறைந்திருந்தது. பத்துக் கதிரையிலும் வழக்கமான ஆட்கள், பின்னால் இன்னும் இருபது பேர். கோட்டைக் கதவுக்கு வெளியே மூன்று பேர் என்று திரை காட்டியது.

நாலு இரண்டு. ஐந்து பேர்.

நாலு நாலு. அப்போதும் ஐந்து பேர்தான். மாணிக்கவாசகம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, நம்ம ஆக்கள் பத்துப் பேர் கையை வெச்சுட்டு ஈக்காங்க” என்று புஹாரி கிசுகிசுத்தான். “நம்ம உள்ள போனா கதவு திறந்துரும்.”

கடையே அவளைப் பார்த்தது. மஸீனா தலையை ஆட்டினாள்.

“வேணாம் நானா. நம்ம கதிரையால திறந்தா அது நம்ம கடைதான். இன்னைக்கு வெளிய இருந்து திறக்கணும்.”

எழுதுகிற எனக்கே அந்த இடத்தில் கோபம் வந்தது. திறந்து தொலைத்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் அவள் ஸக்கரியா ஹாஜியாரின் மகள்.

நாலு ஆறு. ஏழு பேர். எட்டு. ஒருவன் போய்விட்டான், ஏழு. கமலாட்சி கண்ணை மூடி முத்துமாரியம்மனைக் கூப்பிட்டாள். எட்டு. ஒன்பது.

நாலு ஏழுக்கு, வஹகோட்டை மண்டபத்தில் இருந்து ஆறு பேர் ஒன்றாக வந்து விழுந்தார்கள். கோட்டைக் கதவு ‘கிறீச்’ என்று திறந்தது.

அந்தச் சத்தத்தை மஸீனாதான் ஸ்டோரின் பின்கதவில் ஒலிப்பதிவு செய்திருந்தாள். முப்பது பேர் ஒன்றாகப் போட்ட கூச்சலில் சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் கையில் இருந்த மிளகு கொட்டிப்போனது.

“இப்ப ஆடுங்க!” என்று மஸீனா கத்தினாள். பத்துக் கதிரையும் களத்தில் இறங்கியது.

திறந்த கதவைப் பார்த்தவர்கள் போகவில்லை. நின்றவர்கள் இன்னும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தெட்டு. எழுபது. “கண்டிக்காரன் பின்னால வாறான், குனிடா குனி!” கலேவெலை ஜமால்தீனின் மகன் ஏழு கூட்டாளிமாரோடு வந்து வடக்கு மதிலில் கொச்சிக்காய்த்தூளை வாரி இறைத்தான். நாலு இருபத்தொன்றுக்கு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நூற்றுப்பன்னிரண்டு. நூற்றைம்பத்தாறு. மாணிக்கவாசகம் எப்போது எழுந்தார், எப்போது ஒரு கதிரைக்குப் பின்னால் போய் நின்று, “இடப்பக்கம், தம்பி, இடப்பக்கம்!” என்று கத்த ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியாது. பேனா மூடி கடைசிவரை கிடைக்கவில்லை.

இருநூற்று அறுபத்தொன்று.

நாலு நாற்பதுக்குத் திரை உறைந்தது. கோட்டை, மரம், தூள், ஆட்கள் எல்லாம் அப்படியே நின்றன. சேர்வர் விழுந்துவிட்டது.

 மாணிக்கவாசகம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்க் கைத்தொலைபேசியில் பேசினார். உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

“இல்லை சேர். நான் சொல்லுறது விளங்கேல்லையா? ஆக்கள் இல்லாமல் இல்லை. ஆக்கள் கூடி விழுந்திட்டுது! இருநூறு பேருக்குத்தான் நாங்கள் குடுத்தது. பெரிசைப் போடுங்கோ. ஆறு மணியா? ஆறு மணிக்கு ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம். என்ர பொறுப்பு.”

உள்ளே வந்தார். கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “திங்கட்கிழமை வேற காகிதத்தோட வாறன் தங்கச்சி. அதில இன்னும் மூண்டு மாசம் ஓடும் எண்டு எழுதியிருக்கும்.”

புஹாரி தங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். கமலாட்சி மஸீனாவின் தோளைக் கட்டிக்கொண்டு, “லயத்துச் செவுத்துல வரைஞ்ச மாதிரியாடி இருக்கு?” என்று கேட்டாள், கேட்டு, அழுதாள். மஸீனா அழவில்லை. அவள் முகத்தைப் பார்க்க நமக்கே பெருமையாக இருந்தது.

சிவப்பு மை வாசகிக்கு இப்போது திருப்திதானே?

ஐந்து பத்துக்குச் சேர்வர் எழுந்தது. கதவு மறுபடி திறந்தது. முன்னூறு பேர் முன்வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அப்போது மஸீனா பார்த்தாள். கோட்டைக்குப் பின்னால், ஒருவரும் போகாத அந்தக் கான் வழியாக, ஒரு ஆள் தவழ்ந்து உள்ளே வந்தான்.

அந்தக் கான் உள்ளே வரும் வழி என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று புஹாரி, அவன் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

ஆளின் தலைக்கு மேல் இலக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு. பத்தொன்பது தடவை வந்து, வெற்றுக் கோட்டைக்குள் தனியாக மணிக்கணக்காகச் சுற்றியவன். விளையாட்டுக்காக அவன் வைத்துக்கொண்ட பெயர் ‘தகரக்கதவு’.

அவன் யாரோடும் மோதவில்லை. கராம்பு மரத்தடியில் நின்றான். திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் தமிழ் வரி ஒன்று மெதுவாக வந்தது.

புஹாரி சத்தம் போடாமல் ஸ்டோருக்குப் போய் வாப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான்.

“என்ன?” என்றார் ஹாஜியார். “கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது. வாசி.”

 மஸீனா திரைக்குக் கிட்டப் போய் வாசித்தாள். “வாப்பாட முழங்கால் இப்ப எப்படி ஈக்கு?”

 சுற்றிலும் முப்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் மட்டும் அந்த மரத்தடியில் நிற்கும் சின்ன உருவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிப்பக்கம் திரும்பி, “புள்ள, கீழ வா!” என்று மாடிக்குக் குரல் கொடுத்தார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டு ஜுனைதா தஸ்பீஹ் மாலையோடு ஓடி வந்தார்.

“என்ன பதில் எழுத வாப்பா?” என்று கேட்டாள் மஸீனா.

ஹாஜியார் மூன்றாவது கதிரைக்காரனை எழுப்பிவிட்டு அதை இழுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நாலு வருடத்தில் அவர் அந்தக் கடையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கும் அஸருக்குப் பொறகு வரச் சொல்லு” என்றார். “நான் இங்கதான் ஈப்பேன்னு சொல்லு.”